நடத்தை: நன்று



போன தடவை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய கதையை எழுதியபோது, "டீச்சர், மாசத்துக்கு ஒண்ணாவது இந்த மாதிரி எழுதுங்க" என்று பலர் கேட்டிருந்தீர்கள். இந்த முறை கொஞ்சம் தூரத்துக் கதை. நீளமும் அதிகம். ஓய்வாக இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தில் பர்மிங்காமில் இருக்கும் என் அண்ணன் பேத்தி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. அதற்கான நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

"பாட்டி, நீங்க டீச்சர்தானே? ஒரு கேள்வி கேக்கறேன், பதில் சொல்லுங்க" என்றாள்.

கேள்வி இதுதான். ஒரு மருத்துவ மாணவர் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருக்கும் நண்பன் துண்டுச் சீட்டைப் பார்த்து எழுதுவதைக் கவனித்துவிடுகிறார். 'தேர்வு முடிந்ததும் நண்பனிடம் தனியாகப் பேசி, அவனே ஆசிரியரிடம் போய் ஒப்புக்கொள்ளும்படி சொல்வது' எந்த அளவுக்குப் பொருத்தம்? மிகவும் பொருத்தம், பொருத்தம்தான் ஆனால் சிறந்தது அல்ல, பொருத்தமில்லை ஆனால் படுமோசம் இல்லை, கொஞ்சமும் பொருத்தமில்லை. இந்த நான்கில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் யோசிக்கவே இல்லை. "இதுல பேச என்ன இருக்கு? உடனே எழுந்து நின்னு டீச்சர்கிட்ட சொல்லணும். உன் கேள்விக்குப் பதில், கொஞ்சமும் பொருத்தமில்லை" என்றேன்.

பேத்தி சிரித்தாள். "பாட்டி, உங்களுக்கு மார்க் போச்சு. புத்தகத்துல அது பொருத்தமான செயல்தான்னு போட்டிருக்கு."

நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். மறுநாளிலிருந்து இந்தத் தேர்வு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மகன் உதவினான். நான் அறிந்துகொண்டதை என் வழக்கப்படி பாடம் நடத்துவது போலவே சொல்லிவிடுகிறேன்.

இதற்குச் 'சிச்சுவேஷனல் ஜட்ஜ்மென்ட் டெஸ்ட்' என்று பெயர். சுருக்கமாக எஸ்.ஜே.டி. ஒரு சூழ்நிலையைச் சொல்லி, 'இந்த இடத்தில் எப்படி நடந்துகொள்வது சரி' என்று கேட்கும் தேர்வு. உயிரியல், வேதியியல் எதுவும் இதில் வராது.

கதை தொடங்குவது சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில். 1920களில் அங்கே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களில் நிறையப் பேர் பாதியிலேயே நின்றுபோனார்கள். சில கல்லூரிகளில் பாதி வகுப்பே காலியானதாம். சேர்க்கும்போதே ஆளைச் சரியாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. தலைநகர் வாஷிங்டனில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர் எஃப். ஏ. மாஸ். அவர் மருத்துவரும்கூட. 1928இல் அவரும் அவருடன் இருந்தவர்களும் மருத்துவ மாணவர்களுக்கென்று ஒரு தகுதித் தேர்வைத் தயாரித்தார்கள். நினைவாற்றல், அறிவியல் சொற்கள், படித்துப் புரிந்துகொள்வது, தர்க்கம் எல்லாம் அதில் உண்டு. இன்று அமெரிக்காவில் மருத்துவம் படிக்க விரும்புகிறவர்கள் எழுதும் எம்கேட் தேர்வுக்கு அதுதான் முன்னோடி.

இதில் எனக்கு வியப்பாக இருந்தது வேறொரு செய்தி. அதே மாஸ், அதே காலத்தில் 'சமூக அறிவுத் தேர்வு' என்று இன்னொன்றையும் தயாரித்திருந்தார். மனிதர்களோடு பழகும் சூழ்நிலைகளைச் சொல்லி, எது சரியான முடிவு என்று கேட்கும் பகுதி அதில் இருந்தது. இன்றைய எஸ்.ஜே.டி.க்குப் பாட்டன் என்று பலரும் சொல்வது அதைத்தான். ஆக, புத்தியை அளக்கும் தேர்வும் பழகும் குணத்தை அளக்கப் பார்த்த தேர்வும் ஒரே மனிதரின் மேசையில் இருந்தன. மருத்துவக் கல்லூரிக்குள் முதலில் போனது புத்தித் தேர்வு மட்டும். மற்றது உள்ளே போகச் சுமார் எழுபது ஆண்டுகள் ஆயின.

அதற்குக் காரணமும் இருந்தது. 1937இல் அந்தச் சமூகத் தேர்வை ஆராய்ந்தவர்கள், இது பழகும் திறமையைவிட மொழியறிவையும் பொதுவான புத்திக்கூர்மையையும்தான் அளக்கிறது என்று குறை சொன்னார்கள். அதுவும் சரிதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொல்லவில்லையா?

சரி, குணத்தைப் பார்க்க வேறு என்ன வழி? நேரில் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பது. அதாவது இன்டர்வியூ. உலகம் முழுக்க அதைத்தான் நம்பினார்கள். ஆனால் அதன் லட்சணம் 1979இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரத்தில் வெளிப்பட்டது.

அங்கிருந்த மருத்துவக் கல்லூரி 800 பேரை நேர்முகம் கண்டு வரிசைப்படுத்தி, முன்வரிசையில் இருந்தவர்களிலிருந்து 150 பேரைச் சேர்த்தது. சேர்க்கை முடியும் நேரத்தில் மாநில சட்டமன்றம் இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொல்லிவிட்டது. அதற்குள் பட்டியலில் நல்ல இடத்தில் இருந்தவர்கள் எல்லாம் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் 700க்கும் 800க்கும் இடையில் இருந்தவர்கள், அதாவது 'வேண்டாம்' என்று ஒதுக்கப்பட்டவர்கள். வேறு வழியின்றி அவர்களையே சேர்த்தார்கள். படிப்பு முடிந்த பிறகு ஒப்பிட்டுப் பார்த்தால், முதலில் சேர்ந்த 150 பேருக்கும் பிறகு சேர்ந்த 50 பேருக்கும் சொல்லும்படி வித்தியாசமே இல்லை! பாடத்திலும் இல்லை, நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியிலும் இல்லை. 1987இல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள்.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தாற்போல் உட்கார்ந்துவிட்டேன். சட்டமன்றம் தலையிடாமல் இருந்திருந்தால் அந்த 50 பேரும் 'எனக்கு டாக்டராகும் யோக்கியதை இல்லை' என்று நினைத்துக்கொண்டே வாழ்ந்திருப்பார்கள் அல்லவா?

நம் ஊரிலும் இந்தக் கதை உண்டு. உங்களில் இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் மருத்துவ இடத்துக்குக் கல்லூரி மதிப்பெண்ணோடு நேர்முகத்துக்கும் மதிப்பெண் சேர்த்தார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971 சட்ட இதழ்களில் பதிவான பெரியகருப்பன் வழக்கு அது. அப்போது நேர்முகத்துக்கு 75 மதிப்பெண். இடங்களைக் கல்லூரிக் குழு குழுவாகப் பிரித்து ஒதுக்கியது செல்லாது என்று சொன்ன நீதிமன்றம், நேர்முக மதிப்பெண் போடப்பட்ட விதத்தையும் குறை சொன்னது. அதற்குப் பத்து ஆண்டு கழித்து, ஸ்ரீநகரில் ஒரு பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கு வந்தது. ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு மூன்று நிமிடம் பேசிவிட்டு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை முடிவு செய்திருந்தார்கள். நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் கொடுப்பது தகாது என்று நீதிமன்றம் சொன்னது.

நேர்முகம் என்றாலே சிபாரிசு என்று நம் மக்கள் நினைத்ததில் தப்பே இல்லை. யார் மகன், எந்த ஊர், என்ன சட்டை என்று பார்க்காத கண் எது? அதனால் நாம் மதிப்பெண் பக்கம் சாய்ந்தோம். 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. 2007 சேர்க்கையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் என்றானது. 2017 முதல் நீட். இவற்றில் எது நியாயம் என்ற விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. இந்த வழிகள் எதிலும் 'இந்தப் பிள்ளை நோயாளியிடம் எப்படிப் பேசும்' என்ற கேள்விக்கு இடமில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

விதிவிலக்காக வேலூர் சி.எம்.சி. இருந்தது. எழுத்துத் தேர்வில் தேறியவர்களைச் சில நாட்கள் வரவழைத்து, குழுவாக வேலைகள் கொடுத்து, எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பொதுக் கலந்தாய்வு வந்தபோது அந்த முறையை விட மனமில்லாமல், 2017இல் 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டுமே நிரப்பினார்கள். செய்தித்தாளில் படித்தது உங்களுக்கும் நினைவிருக்கலாம்.

மதிப்பெண்ணில் குணம் தெரிவதில்லை. நேர்முகத்தில் தெரிவது பல நேரம் பார்க்கிறவரின் குணம்தான். இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர மூன்று நாடுகள் மூன்று வழி கண்டுபிடித்தன.

முதலில் பெல்ஜியம். அங்கே டச்சு மொழி பேசும் பிளாண்டர்ஸ் பகுதியில் 1997இல் மருத்துவத்துக்குப் பொது நுழைவுத் தேர்வு தொடங்கியது. அதில் அறிவியல் பகுதியோடு வீடியோவும் வைத்தார்கள். மருத்துவரும் நோயாளியும் பேசும் காட்சி ஓடும். முக்கியமான இடத்தில் நின்றுவிடும். இப்போது மருத்துவர் என்ன செய்வது நல்லது என்று கேள்வி வரும். கெண்ட் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் லீவன்ஸ் என்ற பேராசிரியர், தேர்வு எழுதியவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். மொத்தப் பாட மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்ல இந்த வீடியோத் தேர்வு உதவவில்லை. ஆனால் ஏழு ஆண்டு கழித்து மருத்துவமனைப் பயிற்சியிலும், ஒன்பது ஆண்டு கழித்து வேலையிலும் யார் நன்றாக நடந்துகொள்வார்கள் என்பதை ஓரளவுக்குச் சொன்னது. 2012இல் வெளிவந்த ஆய்வு அது.

அடுத்தது கனடா. மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நேர்முகத்தையே உடைத்துப் போட்டார்கள். ஒரு குழு முன்னால் அரை மணி நேரம் உட்கார வைப்பதற்குப் பதிலாகப் பல அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு சூழ்நிலை, ஒரு மதிப்பீட்டாளர், சில நிமிடங்கள். மணி அடித்ததும் அடுத்த அறை. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் மருத்துவ மாணவர்களின் செய்முறைத் தேர்வை இப்படி அறை அறையாகப் பிரித்திருந்தார். அதே யோசனையைச் சேர்க்கைக்குக் கொண்டுவந்து 2004இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒருவருக்கு உங்களைப் பிடிக்காமல் போனாலும் அடுத்த அறையில் வேறொருவர் இருப்பார். ஓர் இடத்தில் தடுமாறினாலும் அடுத்த இடத்தில் எழுந்துகொள்ளலாம்.

ஆனால் விண்ணப்பித்த ஆயிரக்கணக்கானவர்களையும் அறை அறையாக அனுப்ப முடியுமா? அதனால் அதே பல்கலைக்கழகத்தின் ஹெரால்டு ரைட்டரும் கெல்லி டோரும் 'கேஸ்பர்' என்ற கணினித் தேர்வை உருவாக்கினார்கள். தொடக்கத்தில் காட்சியைப் பார்த்துவிட்டு, குறைந்த நேரத்துக்குள் மனத்தில் பட்டதைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. ஒரு காட்சிக்கான விடையைத் திருத்துகிறவர் அந்த மாணவரின் அடுத்த விடையைப் பார்க்க மாட்டார். அதற்கு வேறொருவர். அப்போது முகம், பெயர், நிறம் எதுவும் தெரியாமல் இருந்தது.

மூன்றாவது, என் பேத்தி இருக்கும் இங்கிலாந்து. அங்கே 2006இல் தொடங்கிய பொது நுழைவுத் தேர்வில் 2013 முதல் எஸ்.ஜே.டி.யும் ஒரு பகுதி. இப்போது அதன் பெயர் யூகேட். 26 நிமிடத்தில் 69 கேள்விகள். இதற்கு மட்டும் மதிப்பெண் கிடையாது, ஒன்று முதல் நான்கு வரை படிநிலைதான். ஒன்று உயர்ந்தது. நான்காம் படியில் விழுந்தவர்களைச் சில கல்லூரிகள் கூப்பிடுவதே இல்லை. அமெரிக்காவும் கடைசியில் வந்து சேர்ந்தது. அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2020இல் இரண்டு கல்லூரிகளோடு சோதனை தொடங்கி, பிறகு 'பிரிவியூ' என்ற பெயரில் நடத்துகிறது. மாஸின் இரண்டாவது தேர்வு ஒருவழியாக வாசலைத் தாண்டியது.

இவ்வளவு பாடு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். 2005இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. மருத்துவக் கவுன்சில்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான 235 மருத்துவர்களின் பழைய கல்லூரி ஆவணங்களைத் தேடி எடுத்தார்கள். நடவடிக்கைக்கு ஆளாகாத 469 பேரின் ஆவணங்களோடு ஒப்பிட்டார்கள். மாணவராக இருந்தபோதே பொறுப்பின்மையும், சொன்னால் திருத்திக்கொள்ளாத போக்கும் குறிக்கப்பட்டிருந்தவர்கள்தான் பின்னாளில் அதிகம் சிக்கியிருந்தார்கள். குறைந்த மதிப்பெண்ணுக்கும் அதற்கும் அவ்வளவு தொடர்பில்லை. விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்பது வெறும் வாய்ப்பேச்சு இல்லை போலிருக்கிறது.

இந்தத் தேர்வில் விடையை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு பெரிய மனிதர் சொல்லி எழுதிக்கொள்வதில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் பலரைத் தனித்தனியாக எழுதச் சொல்லி, அவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும் இடத்தைத்தான் விடையாக வைக்கிறார்கள். ஒத்துப்போகாத கேள்வியை எடுத்துவிடுகிறார்கள். விடைக்கு அருகில் வந்தால் ஓரளவு மதிப்பெண்ணாவது உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் உள்ள இடைவெளி, புத்திக்கூர்மைப் பகுதிகளைவிட இந்தப் பகுதியில் குறைவு என்று இங்கிலாந்தில் செய்த ஓர் ஆய்வு சொன்னது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சிப் புத்தகம், பயிற்சி வகுப்பு எல்லாம் வந்துவிட்டன. நல்லவனாக நடிக்கச் சொல்லிக் கொடுக்கவும் காசு வாங்குகிறார்கள். அங்கே படித்து முடித்த இளம் மருத்துவர்களை மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்பவும் 2013இல் இதே வகைத் தேர்வைக் கொண்டுவந்தார்கள். முதல் ஆண்டிலேயே விடைத்தாளை இயந்திரம் படித்ததில் பிழை வந்து, அறிவித்த இடங்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2024 முதல் அந்தப் பயன்பாட்டையே கைவிட்டார்கள். நுழைவுத் தேர்வில் மட்டும் தொடர்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று. சரி எது என்று தெரியுமா என்பதைத்தான் இந்தத் தேர்வு கேட்க முடியும். அந்த நேரத்தில் செய்வாயா என்பதைக் கேட்க முடியாது. இதை ஆராய்ச்சியாளர்களும் மறைக்கவில்லை.

இப்போது எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று சொல்கிறேன்.

1991. எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, கணக்குப் பரீட்சை. ஒரு பையன் தொடைக்கு அடியில் பிட் வைத்து எழுதுவதைப் பிடித்தேன். பக்கத்தில் இருந்தவன் வகுப்பு லீடர். "நீ பார்த்தியா?" என்றேன். "பார்த்தேன் டீச்சர்" என்றான். "ஏன் சொல்லலை?" தலையைக் குனிந்துகொண்டான். நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இருவருக்கும் பிரம்படி. லீடர் பொறுப்பையும் அவனிடமிருந்து எடுத்துவிட்டேன். எட்டாவது முடிந்து உயர்நிலைப்பள்ளிக்குப் போகும்போது டி.சி.யில் 'நடத்தை' என்ற இடத்தில் எல்லாருக்கும் 'நன்று' என்று எழுதினேன். அவனுக்கும் பிட் வைத்தவனுக்கும் மட்டும் 'திருப்தி'. என் 30 வருஷத்துக்கு மேலான பணியில் நூற்றுக்கணக்கான டி.சி. எழுதியிருக்கிறேன். யோசித்து எழுதியது என்று நான் அன்று பெருமைப்பட்டது அந்த இரண்டைத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். லேத் பட்டறை வைத்திருக்கிறான், நன்றாக இருக்கிறான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மனசு கேட்காமல் அந்தப் பேச்சை எடுத்தேன். சிரித்தான்.

"காலையிலயே அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடச் சொல்லி அவன்கிட்ட சண்டை போட்டேன் டீச்சர். போட்டுட்டேன்னான். உள்ள வந்து பார்த்தா வச்சிருக்கான். பரீட்சை முடிஞ்சதும் அவனையே உங்ககிட்ட கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க பிடிச்சிட்டீங்க. விடுங்க டீச்சர், இப்ப எதுக்கு அது? பாயசம் வாங்கிக்கங்க."

பதின்மூன்று வயதில், எந்தப் பயிற்சிப் புத்தகமும் இல்லாமல், அவனுக்கு அந்த விடை தெரிந்திருந்தது. செய்யவும் தயாராக இருந்தான். எனக்குத்தான் தெரியவில்லை. அவன் வாயால் கேட்டபிறகாவது தெரிந்ததா? பேத்தி கேட்டபோது என் வாயில் வந்தது அதே 1991ஆம் வருஷத்துப் பதில்தானே! தெரிவது வேறு, அந்த நேரத்தில் வருவது வேறு என்பதற்கு நானே சாட்சி.

மக்மாஸ்டர்காரர்கள் அறையை ஏன் பிரித்தார்கள் என்று இப்போது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஒரு பிள்ளையின் குணத்தை ஒரே ஆள், ஒரே சம்பவத்தை வைத்து, ஒரு நிமிடத்தில் முடிவு செய்யக்கூடாது. பல கண்கள் வேண்டும், பல தடவை பார்க்க வேண்டும். அதற்கு வசதியில்லை என்றால் "ஏன்?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கவாவது வேண்டும். அதற்குக் கணினியும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம்.

உங்களில் பதினைந்து பேருக்கு மேல் ஆசிரியராக இருக்கிறீர்கள். மூன்று பேர் மருத்துவர்கள். வீட்டில் எல்லாரும் அம்மா அப்பாக்கள். இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

பேத்தி ஆகஸ்டில் தேர்வு எழுதினாள். எஸ்.ஜே.டி.யில் இரண்டாம் படி வந்திருக்கிறது. இடம் கிடைக்க வேண்டும் என்று நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள். "உங்களைப் போட்டிருந்தா நாலாம் படிதான் பாட்டி" என்று கேலி செய்கிறாள். செய்யட்டும்.

அந்தப் பையன், இப்போது அவனுக்கு நாற்பத்தைந்து தாண்டியிருக்கும், என் பதிவுகளைப் படிப்பதாகச் சொன்னான். பெயரைப் போட மாட்டேன், அவனுக்குத் தெரியும். தம்பி, அந்த டி.சி.யில் எழுதியதை இனி என்னால் திருத்த முடியாது. அதனால் எல்லாரும் பார்க்க இங்கே எழுதுகிறேன். உன் நடத்தை நன்று. அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. டீச்சரை மன்னித்துவிடு.

இப்படி நான் கேட்காமலே தண்டித்தவர்கள் வேறு யாராவது இருந்தால், கூச்சப்படாமல் கீழே எழுதுங்கள். இந்தத் தடவை முழுதாகக் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்